கடிக்கவே இல்லை

வந்தாச்சு. இடது செருப்பு கீச், வலது செருப்பு தப். கீச்-தப், கீச்-தப். பெண்கள் வார்டு வாசலில் அந்தச் சத்தம் நுழைந்ததுமே கட்டிலுக்கடியில் படுத்திருந்த துணையாட்கள் பாயைச் சுருட்டுகிறார்கள், தூக்குவாளியை மறைக்கிறார்கள், யாரோ யாருடைய இட்லிப் பொட்டலத்தையோ மிதிக்கிறார்கள். பெரிய டாக்டர் கனகசபாபதியின் ரவுண்ட்ஸ். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று "என்ன கண்ணு, எப்படி இருக்கற?" என்பார். பல் போன கிழவியும் கண்ணுதான், பதினாறு வயசு நானும் கண்ணுதான். அந்தக் கண்ணுவை வந்த அன்றைக்கே பிடித்துவிட்டேன். மூக்கில் தொடங்கி நெஞ்சில் இறக்கி வைக்க வேண்டும், கடைசி 'ணு'வில் பாதியை முழுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. இன்று காலை திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு "ஏம்மா, இந்த ட்ரிப்ஸ் தீந்து எந்நேரமாச்சு, யாரும் பாக்கறதில்லீங்களா?" என்று, நேற்று அவர் கேட்டதையே, அவர் குரலில் ஒரு இழுப்பு இழுத்தேன். பயிற்சிக்கு வந்த நர்ஸ் பிள்ளை ஒருத்தி ஓடி வந்து ஆளில்லாத ஸ்டூலுக்கு வணக்கம் வைத்தாள். அடுத்த கட்டில் இசக்கியம்மா, சிறுநீரகத்தில் கல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி எப்சி, கொல்லாதட்டி, கல்லு எறங்கிரும்." "எறங்கட்டும் சித்தி, காசில்லாம வைத்தியம்" என்றேன். அப்புறம்தான் ஸ்டெல்லா சிஸ்டர் வந்து காதைத் திருகினார். மார்த்தாண்டத்துக்காரி. "பிள்ளே, இது ஆஸ்பத்திரியாக்கும். நாளைக்கு நீ நெசத்தைச் சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாவ, கேட்டியா?" கேட்டேன் சிஸ்டர். அந்தக் 'கேட்டியா'வையும் எடுத்து வைத்துக்கொண்டேன், பிறகு பயன்படும். அதற்குப் பிறகுதான், காது இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதுதான், அவர் சொன்னது உள்ளே போய் இறங்கியது. நாளைக்கு இல்லை சிஸ்டர். இன்றைக்கு. இன்னும் கொஞ்ச நேரத்தில். அந்தச் செருப்பு இந்த வரிசையின் கடைசிக் கட்டிலுக்கு வந்து சேரும்போது.

கீச்-தப். வாசலோரத்து மஞ்சள் காமாலை அக்காவிடம் நிற்கிறார். நிற்கட்டும், நிறைய நேரம் நிற்கட்டும், அவளுக்கு ஆயிரம் சந்தேகம் வரட்டும். என் அக்கா சுகிர்தா ஜன்னலோரம் படுத்திருக்கிறாள். காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு வலி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள், யாரோ சிவப்பு மைப் பேனாவை உதறிய மாதிரி. அம்மா குளித்துவிட்டுக் கஞ்சி கொண்டுவர வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆம்பிளைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பதால் அப்பா கேட் பக்கம் புளியமரத்தடியில். ஆக நான்தான் துணை. துணை! என்னைத் துணைக்கு வைத்த ஆஸ்பத்திரி உருப்படுமா என்று அப்பாவின் குரலில் சொல்லிப் பார்க்கிறேன், மனசுக்குள்ளேதான். சிரிப்பு வரவில்லை. நேற்று டாக்டர் ஷாஹிதா ஸ்டெதாஸ்கோப்பை அக்கா நெஞ்சில் வைத்தவர், வைத்தபடியே நின்றுவிட்டார். ஷாஹிதா இளைய டாக்டர், மூச்சு விடாமல் பேசுவார், வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் ஒரு மூச்சு. "டெங்கு இல்ல சிக்குன்குனியா இல்ல டைபாய்டு இல்ல எலிக்காய்ச்சலும் இல்ல ரத்தத்துல கிருமி எதுவும் வளரல." அவர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார், அவரும் வைத்துக் கேட்டார், இரண்டு பேரும் கை கழுவும் தொட்டிப் பக்கம் போனார்கள். எனக்கும் கை அழுக்காகிவிட்டது, போய்ப் பக்கத்தில் நின்று கழுவினேன். இதயத்தில் புதுசாய் ஒரு சத்தம் கேட்கிறதாம். லப்-டப் என்றுதானே கேட்க வேண்டும், நடுவில் ஷ்ஷ் என்று காற்று புகுகிறதாம். ஷாஹிதா வாயாலேயே செய்து காட்டினார். லப்-ஷ்ஷ்-டப். உடம்பு தன்னைத்தானே அடித்துக்கொள்கிற ஏதோ ஒரு வியாதியாக இருக்கும், வயசுப் பெண்களுக்கு வருவதுதான், நாளைக்குப் பெரியவர் சரி என்று சொன்னால் ஸ்டீராய்டு ஆரம்பித்துவிடலாம் என்றார். "கிருமியா இருந்துட்டா?" என்றார் மற்றவர். "அப்ப ஸ்டீராய்டு போட்டா எதிர்த்துச் சண்டை போடுற கையையும் நாமளே கட்டிவிட்ட மாதிரி, ஆளைக் காப்பாத்துறது கஷ்டம், ஆனா கிருமின்னு சொல்ல ஒரு துப்பும் இல்லையே." துப்பு. தண்ணீர் என் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. துப்பு ஒன்று அரையடி தூரத்தில் நின்று சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறது டாக்டர். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. கட்டிலுக்குத் திரும்பி வரும் வழியில் லப்-ஷ்ஷ்-டப் என்று நாக்கு தன்பாட்டுக்குச் செய்து பார்த்தது. அச்சு அசலாய் வந்தது. வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன், ஏதோ அக்காவிடமிருந்து திருடிவிட்ட மாதிரி.

எலி கடித்தது. அவ்வளவுதான் விஷயம். எலி கடித்தது, எலி கடித்தது, மூன்று வயசுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அக்கா எலிகளைச் சிரிக்க வைக்கிறவள். பல்கலைக்கழகத்தில் அனிமல் ஹவுஸ் என்று ஒரு கட்டடம், ஜன்னலே கிடையாது, உள்ளே ஆராய்ச்சிக்கான வெள்ளெலிகள். மருந்து கொடுத்துப் பார்க்கிறவர்கள், அறுத்துப் பார்க்கிறவர்கள் எல்லாம் அங்கே உண்டு. அக்காவின் ஆராய்ச்சி மருந்து இல்லை, அந்த எலிகளின் பாடு. கூண்டிலிருந்து எடுக்கிறவர்கள் வாலைப் பிடித்துத் தூக்குகிறார்கள், அதில் அவை பயந்து சாகின்றன, பயந்த எலியை வைத்துச் செய்த சோதனையில் வருகிற கணக்கு எலியின் கணக்கா பயத்தின் கணக்கா என்பாள். அதனால் இவள் உள்ளங்கையைக் குழிவாக்கி அள்ளி எடுப்பாள். கழுத்தின் பின்னால் விரலால் கிச்சுக்கிச்சு மூட்டுவாள், புரட்டிப்போட்டு வயிற்றில் மூட்டுவாள், குட்டிகள் இன்னும் இன்னும் என்று கையைத் துரத்தி வருமாம். அவை சிரிக்கும். சத்தியமாகச் சிரிக்கும். ஆனால் நம் காதுக்கு எட்டாத உச்சத்தில். அக்கா அதைப் பதிவுசெய்து, வேகம் குறைத்து எனக்குப் போட்டுக் காட்டினாள். ச்சிரீக், ச்சிரீக். உலகத்தில் நான் பேசிக்காட்ட முடியாத ஒரே குரல் அது, நானும் எத்தனையோ முறை முயன்றேன், என் தொண்டை அங்கே போகாது. "ஒன்னய விடப் பெரிய ஆளுங்க இருக்காங்கட்டி" என்று சிரித்தாள். அப்படிச் சிரித்தவளைத்தான் ஒன்று கடித்துவிட்டது, இடது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். கையுறை போடவில்லை. கையுறை போட்டால் அதற்கு என் கை வாசனை தெரியாது என்பாள், பெரிய காதல். வீட்டுக்கு வந்து டெட்டால் ஊற்றும்போது நான் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கவே கூடாது. அனிமல் ஹவுஸில் கடி பட்டால் சொல்லியே ஆக வேண்டும், சொன்னால் கடித்ததைத் தனியாக எடுத்து வைப்பார்கள், பிறகு அது இருக்காது. அதோடு போனால் பரவாயில்லை. எல்லோருமே வாலை விட்டுவிட்டு அக்கா வழிக்கு மாற வேண்டுமா என்று வரும் வாரம் கமிட்டி கூடி முடிவு செய்கிறது. கொஞ்சியவளையே கடித்துவிட்டது என்று தெரிந்தால் கமிட்டி என்ன சொல்லும்? பழையபடி வாலைப் பிடி. "அத்தனை உசுரும் திரும்ப வால்ல தொங்கும் எப்சி. ஒரு சின்னக் கடிக்காக. சொல்லமாட்டேன்னு சொல்லு." சொல்லமாட்டேன்க்கா. என் குரலில்தான் சொன்னேன். இப்போது யோசித்தால் அதையாவது வேறு யார் குரலிலாவது சொல்லியிருக்கலாம்.

காயம் ஆறிவிட்டது. அதுதான் இதன் சூழ்ச்சி. காயம் ஆறி, தடம் மறைந்து, மனுஷி மறந்த பிறகுதான் காய்ச்சல் வருமாம். கேன்டீனில் டீக்கு வரிசையில் நின்றுகொண்டு போனில் தேடிப் படித்தேன். எலிக்காய்ச்சல் வேறு, அது எலி மூத்திரத்தால் வருவது, அதைத்தான் இல்லை என்று பார்த்துவிட்டார்கள். இது கடியால் வருவது. காய்ச்சல், மூட்டு, உள்ளங்கை உள்ளங்கால் புள்ளி. வரி வரியாய் அக்காவைப் பார்த்துக்கொண்டே எழுதிய மாதிரி இருந்தது. இந்தக் கிருமி லேசில் வளராது, இன்னதைத் தேடுகிறோம் என்று சொன்னால்தான் லேபில் கண்டுபிடிப்பார்கள். பழைய பென்சிலின் போதும். போடாவிட்டால் இதயத்தில் போய் உட்காரலாம். ஷ்ஷ். டீக்காரர் "பாப்பா டீயா காப்பியா" என்று கேட்டது எனக்கு ஷ்ஷ் என்றுதான் கேட்டது. ஓடிவந்து அக்காவிடம் போனை நீட்டினேன். பாதிக் கண்ணைத் திறந்து படித்தாள், அவளுக்கு இதெல்லாம் தெரியாதா, படித்தவள்தானே. "ஆயிரத்துல ஒருத்தருக்கு வரும்டி. எனக்கு வந்தது ஏதோ வைரஸ். தானா போயிரும்." ஆராய்ச்சிக்காரி பேசுகிற பேச்சா இது? ஆயிரத்தில் அந்த ஒருத்தி எங்கேயாவது ஒரு கட்டிலில் படுத்திருக்கத்தானே வேண்டும்? டாக்டர்கள் என்ன வேலை என்று கேட்டபோது "கம்ப்யூட்டர்ல ஒலிப்பதிவு பாக்கற வேலை" என்றாள். பொய் இல்லை. அதுதான் மோசம், பொய்யாக இருந்தால் எங்கேயாவது பல் இளிக்கும், இது பாதி உண்மை, ஒட்டுப்போட்ட இடமே தெரியாது. கீச்-தப். தைராய்டு டீச்சர் கட்டில். டீச்சர் சீக்கிரம் பேச மாட்டார், பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்வார், கடவுளே, டீச்சர் இன்றைக்குப் பார்த்து "நல்லாயிருக்கேன் சார்" என்று முடித்துவிட்டார்.

யார் குரலில் சொல்வது? என் குரலில் சொன்னால் நான் சொன்னதாகிவிடும், வாக்குத் தவறியவளாகிவிடுவேன், நம்பவும் மாட்டார்கள். அக்காவின் புரொபசர் ரங்கமணி சார் குரல் கைவசம் இருக்கிறது, தொண்டையில் பாக்கு சிக்கின குரல், "ஆக்சுவலா பாருங்க" என்று ஆரம்பித்தால் ஆள் தயார். போனை எடுத்து வார்டு நம்பருக்கு, ஆக்சுவலா பாருங்க டாக்டர், என் மாணவியை எலி கடிச்சிருக்கு. ஒரு நிமிஷ வேலை. ஆனால் உடனே அவருக்கே திருப்பிப் போன் போட்டால்? நான் எப்போது போன் செய்தேன் என்பார், கடியும் பொய்யாகிவிடும், அதற்குப் பிறகு நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது. அப்பாவை அழைத்து வந்து சொல்ல வைக்கலாம். அப்பாவுக்குத் தெரியாதே, தெரிந்தால் இங்கேயே இப்போதே உரக்க அழுவார், கேட்காரர் உள்ளே விடமாட்டார், வேண்டாம். அம்மா? அம்மா வருவதற்குள் செருப்பு வந்துவிடும். ஒரு வேளை தானாகவே கேட்டுவிடுவார்களோ? எலி கடித்ததா என்று எந்த டாக்டர் வந்ததும் கேட்கிறார், இந்த ஊரில் கொசு கடித்ததா என்றுதான் கேட்பார்கள். அக்காவைப் பார்க்கிறேன். கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள், கன்னம் மேலேறி, மூக்குப் பக்கம் தசை திரண்டு, காது பின்னால் போன மாதிரி. எலிக்கு வலிக்கிறதா என்று இப்படித்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்களாம், கண், கன்னம், காது, மீசை. ஆனால் ஆள் வந்து முன்னால் நின்றால் எலி முகத்தைச் சரி செய்துகொள்ளும், வலிக்காத மாதிரி நடிக்கும், இளைத்தவன் என்று தெரிந்தால் எவனாவது தின்றுவிடுவான் என்று அதன் ரத்தத்தில் இருக்கிறது, அதனால்தான் கேமரா வைத்துவிட்டு வெளியே போய்விடுவோம் என்பாள். கீச்-தப். செருப்புச் சத்தம் நெருங்கியதும் அக்காவின் முகம் சரியாகிறது. என் கண் முன்னாலேயே. கன்னம் இறங்குகிறது, கண் திறக்கிறது, உதட்டில் ஒரு சிரிப்புக்கூட. நடிகை! வீட்டில் நடிகை நான் என்றுதானே எல்லோரும் சொல்கிறீர்கள், இவளைப் பாருங்கள். இசக்கியம்மா என் முழங்கையைத் தொடுகிறாள். "என்னட்டி, மூஞ்சி வெளுத்திருக்கு. ஒரு கொரலு போடு, கேப்போம்." "இல்ல சித்தி." "ஒனக்கே காய்ச்சலா?" இசக்கியம்மாவின் கட்டிலில் நிற்கிறார். கல் எறங்கிச்சா கண்ணு. இல்லங்கய்யா. தண்ணி குடிங்க. முடிந்தது. இவ்வளவுதானா? கல்லுக்கு இவ்வளவுதான் பேச்சா?

"என்ன கண்ணு, எப்படி இருக்கற?" வந்துவிட்டார். வேப்பெண்ணெய்ச் சோப்பு வாசனை, காதில் நரைமுடி. பின்னால் ஷாஹிதா, ஸ்டெல்லா சிஸ்டர், காலையில் ஸ்டூலுக்கு வணக்கம் வைத்த பிள்ளை. "பரவாயில்ல சார்" என்கிறாள் அக்கா. ஷாஹிதா ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார், இல்ல இல்ல இல்ல இல்ல, கடைசியில் "ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாமா சார்." அவர் அக்காவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறார். நெஞ்சில் வைத்துக் கேட்கிறார், கண்ணை மூடிக்கொண்டு, வெகு நேரம். கேளுங்கள், ஷ்ஷ் கேட்கிறதா, எனக்குச் செய்து காட்டத் தெரியும். "ஏங் கண்ணு, வீட்ல நாய் பூனை ஏதாச்சும்? பூச்சி, எலி, ஏதாச்சும் கடிச்சுதா?" கேட்டுவிட்டார். கேட்டேவிட்டார்! அக்கா சிரிக்கிறாள். "எதுவும் கடிக்கவே இல்ல சார். நான் ஒலிப்பதிவு பாக்குறவ." அவர் தலையாட்டுகிறார். ஷாஹிதா பக்கம் திரும்புகிறார். வாய் திறக்கிறது. சரி என்று சொல்லப்போகிறது அந்த வாய், அதன் வடிவம் எனக்குத் தெரியும், 'செரி' என்பார், செ-வுக்குப் பல் தெரியும், பல் தெரிகிறது. "கடிச்சுது" என்கிறேன். யார் சொன்னது என்று எல்லோரும் தேடுகிறார்கள். "எலி கடிச்சுது சார். லேப் எலி. கையில." அக்கா என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை நான் சாகும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். கோபம்கூட இல்லை. பிறகு டாக்டரிடம், மெதுவாக, சிரித்தபடியே: "சார், என் தங்கச்சி மிமிக்ரி பண்ணுவா. வெளையாட்டு ஜாஸ்தி. காலையில உங்க குரல்லயே பேசி நர்ஸை ஓட விட்டுட்டா." அடிப்பாவி. என் அக்கா. "ஆமா சார்" என்கிறார் ஸ்டெல்லா சிஸ்டர், "இந்தப் பிள்ளைக்கு வாயி சும்மா இருக்காதாக்கும்." பயிற்சி நர்ஸ் பிள்ளை பழி தீர்ந்த மாதிரி தலையாட்டுகிறாள். பெரிய டாக்டரின் முகம் மலர்கிறது. மலர வேண்டிய நேரமா இது? "என்ற குரல்லயா? அட! எங்க, பேசு பாக்கலாம்." சிரிப்பு. எல்லோருக்கும். இசக்கியம்மா முட்டுக்கொடுத்து எழுந்து உட்காருகிறாள், "பேசுட்டி, பேசு." வார்டு முழுக்கத் தலைகள் திரும்புகின்றன. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய மேடை. கண்ணு என்று மூக்கில் தொடங்கி நெஞ்சில் இறக்கினால் போதும், கைதட்டல் விழும், கைதட்டலோடு எல்லாம் முடிந்துபோகும், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார், ஸ்டீராய்டு வரும். தொண்டை தன்பாட்டுக்குத் தயாராகிறது, வெட்கங்கெட்ட தொண்டை, தூக்குமேடையில் நிறுத்தினாலும் முதலில் தூக்கில் போடுகிறவன் குரலைப் பிடிக்கும். பேசவில்லை என்றால் பொய்க்காரி. பேசினால் கோமாளி.

பேசினேன். அவர் குரலில் இல்லை. அக்கா குரலில். களைப்பில் கொஞ்சம் கம்மும், 'ட'வில் மூச்சு உடையும், வலித்தால் வேகமாகும். "ஐயோ எப்சி, கதவச் சாத்து, அம்மா பாத்துரப் போறா. ஒண்ணுமில்லடி, ரெண்டே பல்லுதான். டெட்டால எடு. ஊதாத, எரியுது, ஊதாதன்னா. பாவம்டி அவன், அவனுக்கு இன்னும் பேருகூட வைக்கல..." சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தவில்லை, பாதிச் சிரிப்பில் அப்படியே நிற்கிறார்கள், கட்டிலில் ஒரு சுகிர்தா, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுகிர்தா. அக்காவின் உதடு மட்டும் வெளுக்கிறது, ஆனால் தலையை ஆட்டுகிறாள், பாத்தீங்களா சார், எப்படி நடிக்கிறா பாத்தீங்களா என்கிற மாதிரி. ஜெயிக்கப் போகிறாள். எனக்குத் தெரிகிறது, இன்னும் ஒரு மூச்சில் ஜெயித்துவிடுவாள். நான் யாரைப் பேசினாலும் அவர்கள் சொன்னதைத்தான் பேசுவேன், சொல்லாததைச் சொன்னதில்லை, அது ஒன்றுதான் என் தொழில் தர்மம். அதை விட்டேன். அக்காவின் குரலிலேயே, மூச்சு உடைய, சொன்னேன்: "என் தப்புதான். அவசரத்துல வாலப் பிடிச்சுத் தூக்கிட்டேன்." "வாலை நான் பிடிக்கல!" கட்டிலே அதிர்ந்தது. ஊசி குத்திய கையை ஊன்றி எழுந்துவிட்டாள், ட்ரிப்ஸ் கம்பி ஆடுகிறது. "யாரு வாலப் பிடிச்சா? என் ஜென்மத்துல வாலப் பிடிச்சதில்ல! உள்ளங்கையிலதான் வச்சிருந்தேன், தூங்குற மாதிரி இருந்தான், எவனோ இரும்புக் கதவை டமார்னு அடிச்சான், அந்தச் சத்தத்துல பயந்து கடிச்சான். அது கடியே இல்ல, பயம்! வாலப் பிடிச்சாளாம், வாலை..." நின்றாள். என்ன சொன்னோம் என்பது அவளுக்கே இப்போதுதான் கேட்டது போல. பெரிய டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அக்காவின் இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "எந்த இடத்துல கண்ணு?" அக்கா காட்டினாள். அங்கே ஒன்றுமில்லை, வழவழவென்று தோல். அவர் அந்த ஒன்றுமில்லாத இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, தலை நிமிராமல், "ஷாஹிதா, ஸ்டீராய்டு வேண்டாம்" என்றார். லேபுக்குப் போன் பண்ணி எலிக்கடின்னு சொல்லு, ரத்தம் மறுபடி எடு, இன்னிக்கே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், பென்சிலின். வார்த்தை வார்த்தையாய். ஒவ்வொன்றும் என் தலையில் தண்ணீர் ஊற்றின மாதிரி.

ஸ்டெல்லா சிஸ்டர் அக்காவின் முன்கையில் துளியூண்டு மருந்தைத் தோலுக்கடியில் ஏற்றி, அது கொப்புளித்த இடத்தைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். மருந்து உடம்புக்குச் சேருமா சேராதா என்று பார்க்க வேண்டும், சொறியப்பிடாது, கேட்டியா. என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, போகிறபோது தலையில் கையை வைத்துவிட்டு எடுத்தார், கை கனமாக இருந்தது. வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிவந்தால் இந்த மருந்தும் கிடையாது, வேறு தேட வேண்டும். சிவக்கிறதா? வெளிச்சம் அப்படியா? பேனாவின் நீலம் அப்படிக் காட்டுகிறதா? ஷ்ஷ் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எக்கோவில் என்ன தெரியும், வால்வு என்றார் ஷாஹிதா, வால்வைக் கொஞ்சம் அரித்திருந்தால்? நேற்று தொட்டியடியிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சம். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், முதுகு மட்டும் தெரிகிறது, முதுகெலும்பு ஒவ்வொன்றும். அவளுடைய எலி இன்றைக்குச் சாயந்திரமே போய்விடுமா? கமிட்டியில் யாராவது "பாத்தீங்களா" என்பார்களா? வாலிலிருந்து இறங்க இருந்தவை எல்லாம் மறுபடி வாலிலா? அதற்கு நான்தானா? நான்தான். "எப்சி." சுவரோடு பேசுகிறாள். "என்னக்கா." "அவங்க எழுதிட்டாங்களா?" "எதை?" "வாலப் பிடிச்சேன்னு." "இல்லக்கா, நீதான் சொல்லிட்டியே." "ஷாஹிதா டாக்டர் எழுதிட்டிருந்தாங்க, நான் பாத்தேன். போய்க் கேளு. போ." போனேன். அவர்கள் வார்டின் எதிர் வரிசைக்குப் போய்விட்டார்கள், நடுவில் அத்தனை கட்டில், அத்தனை கண், நான் ஓடவில்லை, கால் ஓடியது. "சார், எங்கக்கா வாலைப் பிடிக்கல. அது மட்டும் நான் சொன்ன பொய். கடிச்சது நெசம். வால் பொய். அதை எழுதிடாதீங்க சார், அது அவ ஆராய்ச்சி, அத்தனை எலியும்..." அதற்கு மேல் வரவில்லை, குரல் கீறிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. பெரிய டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தெரியுங் கண்ணு. கதவுச் சத்தத்துல பயந்துதான் கடிச்சுதுன்னு எழுதச் சொல்லியிருக்கேன். அவிங்க புரொபசர்கிட்ட நானே பேசறேன், கதவுக்கு ரப்பர் போடச் சொல்லி." கேட்பார்களா என்று கேட்டேன். "பேசிப் பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

திரும்பி வந்தபோது ஸ்டெல்லா சிஸ்டர் வட்டத்தின் மேல் குனிந்திருந்தார், ஜன்னல் பக்கம் கையைத் திருப்பி, இன்னும் கொஞ்சம் திருப்பி. "ஒண்ணும் ஆகல்ல. போடலாம்." பாட்டிலைத் தொங்கவிட்டார். துளி. துளி. குழாய் வழியாக இறங்கி, வளைந்து, கைக்குள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எழுதல அக்கா, கதவுச் சத்தம்னுதான் எழுதியிருக்காங்க என்றேன். அப்புறம் தலையணைக்குள்ளிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "வாலப் பிடிச்சேனாம். ஏட்டி, ஒன் நாக்க இழுத்து வச்சு அறுக்கணும். ஊர் முன்னாடி, என் கொரல்லயே. வீட்டுக்கு வா, ஒனக்கு இருக்கு." "வாரேன்க்கா." "பேசாத எங்கிட்ட." "சரிக்கா." "வாயத் தொறக்காதங்கேன்." திறக்கவில்லை. அவள் திட்டிக்கொண்டே இருக்கிறாள், காய்ச்சல் குரலில், மூச்சு வாங்க, கொஞ்சம் விட்டுவிட்டு, மறுபடி பிடித்து. நான் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திட்டுக்கா. இன்னும் திட்டு.